ஒரு நாளைக்கு ஒரு சரை கச்சான் மா

நெல்லியடியில் என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் மறந்து போயிருக்கும். என் அம்மாவை மட்டும் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். விளையாட்டு மைதானத்தின் ஓரம், மலைவேம்பு நிழலில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பிளாஸ்ரிக் கதிரையில், மடியில் துணிப்பையோடு இருந்தாரே, அவர்தான். இடைவேளை மணிக்குக் கொஞ்சம் முன்னால் வருவார். நாங்கள் சாப்பிட்டு, விளையாடி, திரும்ப வகுப்புக்குள் போன பிறகுதான் எழும்புவார். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அவரையும் ஒரு ரீச்சர் என்றே நினைத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு சின்னன் அவரிடம் போய், ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டது. அம்மா யோசிக்கவே இல்லை. "ஓம், கெதியாப் போட்டு வா. கையைக் கழுவு" என்று அனுப்பிவிட்டார்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் உங்களில் சிலரைக் கண்டேன். முப்பது எங்களை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஒருவனுக்கு நெற்றி ஏறியிருந்தது. ஒருத்தி தன் நரைமுடி மூன்றையும் பிரித்துக் காட்டினாள். இன்னொருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதுகு நோவைப் பற்றிக் கதைத்தாள். அவள்தான் நடுவில், "அது சரி, உன்ரை கச்சான் வருத்தம் இப்ப என்ன மாதிரி?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வருடம் எனக்கு எப்படிப் போனது என்று உங்களில் ஒருத்தியைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் பாதிதான் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கச்சானை இந்தியாவில் நிலக்கடலை என்கிறார்கள்; வருத்தம் என்றால் எங்களுக்கு நோய். எந்தப் பெயரில் தந்தாலும் என் உடம்புக்கு அது ஆகாது. அது தெரியவந்தபோது எனக்கு நாலு வயது. அப்பா பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் நானும் அம்மாவும் அந்த பஸ்ஸில் முன்சீற்றில் இருந்தோம். பின்னால் இருந்த யாரோ அன்பாக ஒரு துண்டு கச்சான் அல்வாவை என் கையில் தந்தார்கள். இரண்டு கடி கடித்திருப்பேன். உதடு தடித்து, கண் மூடி, முகம் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டதாம். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அப்பா ஒரு தரிப்பிலும் நிறுத்தவில்லை. ஏற்றிய சனத்தோடு அப்படியே ஆசுபத்திரி வாசலுக்குள் பஸ்ஸை விட்டார். இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் மணி அடிக்கவில்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார். எனக்கு ஊசி போட்டு நான் கண் திறந்தேன் என்ற செய்தி வரும்வரைக்கும் பஸ் நிறைந்த சனம் ஆசுபத்திரி முற்றத்தில் நின்றதாம்.

அடுத்த கிழமையே பஸ்ஸுக்குள் ஒரு பலகை ஏறியது. "இந்த பஸ்ஸில் கச்சான் உடைக்க வேண்டாம்." யாரோ அதன் கீழே பேனையால் "ஏன்?" என்று கேட்டிருந்தார்கள். கொண்டக்ரர் அதற்குக் கீழே "பிள்ளைக்கு ஆகாது" என்று எழுதினார். பிறகு ஒருவரும் எதுவும் எழுதவில்லை. ஐந்தாறு வருடம் அந்தப் பாதையில் கச்சான் கோது விழாத ஒரே பஸ் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பலகை எங்கே போனது என்று தெரியவில்லை. பஸ்ஸை விற்றபோது அதோடு போயிருக்க வேண்டும்.

அம்மா அதுவரை முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டார். யாரிடமும் என்னை அறிமுகப்படுத்தும்போது என் பெயருக்கு முன்னால் என் வருத்தத்தைத்தான் சொல்லுவார். உங்கள் பிறந்தநாள்களில் எல்லோருக்கும் கேக் வரும். எனக்கு அம்மா கட்டித்தந்த பெட்டி வரும். கேக் சாப்பிட்ட எல்லோரும் குழாயடியில் வரிசையாக நின்று கை கழுவிவிட்டுத்தான் என் பக்கத்தில் வரலாம். உறவினர் வீடுகளில் என்னைக் கண்டாலே, "பாவம், இந்த வயதிலை வாய்க்கு ருசியா ஒண்டும் தின்னக் குடுத்துவைக்கேல்லை" என்பார்கள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கச்சான் தின்ன வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்த வாசனையே எனக்கு வயிற்றைப் பிரட்டும். அம்மா கட்டித்தரும் பெட்டியில் பால்ரொட்டி இருக்கும். உங்கள் கேக்கைவிட அது திறம். நான் ஒரு பாவமும் இல்லை. ஆனால் இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

நாங்கள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது சண்டை முடிந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் படித்து வேலை செய்த ஒரு டொக்டர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்திருந்தார். வேகமாகக் கதைக்கிற பெண். கிளினிக்குக்குள் இறப்பர் செருப்போடு நடப்பார். அப்பாவும் அம்மாவும் என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"உங்கடை மகளின்ரை உடம்பு கச்சானைக் கள்ளன் எண்டு நினைச்சுச் சண்டைக்குப் போகுது" என்றார் டொக்டர். "ஒவ்வொரு நாளும் துளித்துளியாக் காட்டிக்கொண்டு வந்தா, உது கள்ளன் இல்லை, அறிஞ்ச ஆள்தான் எண்டு பழகிப்போகும்."

அம்மா கதிரையின் நுனிக்கு வந்தார். "கச்சானையே குடுக்கிறதோ?"

"ஓம். ஆனா நான் அளந்து தாறதை மட்டும். கூட்டுறது என்ரை கண்ணுக்கு முன்னாலை. வீட்டிலை உங்கடை பாட்டுக்கு ஒண்டும் செய்யக்கூடாது."

"டொக்டர், நான் பஸ்ஸிலை பலகை எல்லே மாட்டி வைச்சிருக்கிறன்" என்றார் அப்பா, ஏதோ வாக்குத் தவறப்போகிறவர் மாதிரி.

"பலகை இருக்கட்டும். பிள்ளை தவறுதலா ஒண்டு ரெண்டு திண்டாலும் உயிருக்கு ஒண்டும் வராமல் இருக்கவேணும். அவ்வளவுதான் எங்கடை நோக்கம்."

மருந்து தொடங்குவதற்கு முன் இரண்டு படிவங்கள் தந்தார்கள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. பிள்ளை எப்படி வாழ்கிறது, எதற்குக் கவலைப்படுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்து முகங்கள் கீறியிருந்தன. ஒரு பக்கம் வாய் நிறையச் சிரிக்கிற முகம், மறுபக்கம் கண்ணீர் விடுகிற முகம். பொருத்தமான முகத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.

நானும் அம்மாவும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதினோம். "விரும்பியதைச் சாப்பிட முடியாதது எவ்வளவு கவலை தருகிறது?" நான் சிரிக்கிற முகத்துக்குப் பேனையைக் கொண்டுபோனேன். தற்செயலாக அம்மாவின் தாளைப் பார்த்தேன். அவர் அழுகிற முகத்தில் வட்டம் போட்டிருந்தார். நான் சிரிக்கிற முகத்தைப் போட்டால் அம்மா பொய் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அதனால் நானும் அழுகிற முகத்தைப் போட்டேன். பிறகு எல்லாக் கேள்விக்கும் அம்மாவைப் பார்த்தே எழுதினேன். சோதனையில்கூட நான் அப்படிப் பார்த்து எழுதியதில்லை. டொக்டர் இரண்டு தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாயும் மகளும் ஒரே மனம்" என்றார். அம்மாவுக்குப் பெருமை.

இப்படித்தான் மருந்து தொடங்கியது. கச்சான் மாவை ஊசிமுனை அளவுகளில் அளந்து, கடதாசியில் சின்னச் சின்னச் சரைகளாக மடித்துத் தருவார்கள். ஒரு நாளைக்கு ஒரு சரை. ஏதும் குழப்பம் வந்தால் உடனே போட ஒரு ஊசியும் தந்து, அதைத் தோடம்பழத்தில் குத்திப் பழக அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தார்கள்; அது அவருடைய துணிப்பைக்குள் போனது. அதை மசித்த வாழைப்பழத்துக்குள் கலந்து அம்மா தருவார். வாழைப்பழம் எவ்வளவு இனித்தாலும் அதற்குள் அந்த வாசனை ஒளித்துக்கொண்டிருக்கும். நாக்கு நுனி கடிக்கும். சில நாள்களில் வயிறு நோகும். முதல் மாதத்தோடு எனக்குக் கதலி, இதரை, கப்பல் என்று எல்லா வாழைப்பழமும் வெறுத்துப்போனது.

அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். மருந்து எடுத்தால் இரண்டு மணித்தியாலம் ஓடக்கூடாது, துள்ளக்கூடாது. உடம்பு சூடாகினால் மருந்து குழப்பம் செய்யும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதற்கு நாலு மணியைத் தெரிந்தெடுத்தார். "நாலு மணியெண்டா வேலை எல்லாம் முடிஞ்சு நான் பக்கத்திலையே இருப்பன்" என்றார். நல்ல நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டுத் தெருவான அந்தச் சின்ன ஒழுங்கையில் நாலு மணிதான் கிளித்தட்டு நேரம். நிலத்தில் கோடு கீறி, கோட்டில் நிற்பவர்கள் புகுந்து ஓடுகிறவர்களைத் தொட்டு 'அடிக்கிற' விளையாட்டு அது. ஆறு மணிக்கு விளக்கு வைக்கும்போது எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

என் வருத்தம் என்னை ஒருநாளும் விளையாட்டிலிருந்து தள்ளி வைத்ததில்லை. மருந்து தள்ளி வைத்தது. நான் வாசல் படலைக்குள் நின்று, நீங்கள் புழுதி பறக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவளின் வீடும் அதே ஒழுங்கையில்தான். அவள்தான் ஒழுங்கையிலேயே கெதியாக ஓடுவாள். ஒவ்வொரு நாளும் படலையடிக்கு வந்து, "இண்டைக்கும் ஏலாதோ?" என்று கேட்பாள். "ஏலாது" என்பேன். "சரி, அப்ப ஆர் வெல்லினம் எண்டு பார்" என்றுவிட்டு ஓடுவாள். தோற்றாலும் என்னிடம் வந்து, "நாங்கள்தான் வெண்டது, நீ ஒழுங்காப் பாக்கேல்லை" என்பாள்.

இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, சரையின் அளவைக் கூட்ட அப்பாவின் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் போவோம். வழமையாக வருகிற சனத்துக்கு என் கணக்கு முழுவதும் பாடம். "இண்டைக்கு எவ்வளவு பிள்ளை?" என்று ஏறும்போதே கேட்பார்கள். "கச்சான் பருப்பிலை நாலிலை ஒரு பங்கு" என்பேன். "அரைக்கு வந்திட்டாள்" என்று அடுத்த மாதம் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒரு முழுக் கச்சானுக்கு வந்த அன்று கொண்டக்ரர் விசில் ஊதி, "எங்கடை பிள்ளை இண்டைக்கு ஒண்டு" என்று அறிவித்தார். சந்தைக்குப் போன ஆச்சிமார் கை தட்டினார்கள். நான் வெட்கப்பட்டு அம்மாவின் சீலைக்குள் முகத்தை வைத்தேன். ஆனால் காது முழுக்க வெளியில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை. மருந்து எடுத்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அம்மா பின்னால் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரி மூச்சிரைக்கப் படலைக்கு வந்தாள்.

"எடி, எங்கடை பக்கம் ஒரு ஆள் குறையுது. கோட்டிலை சும்மா நிண்டாக் காணும். ஓடவேண்டாம்."

சும்மா நிற்பதில் என்ன பிழை என்று போனேன். கோட்டில் நின்றேன். யாரோ எனக்குப் பக்கத்தால் புகுந்து ஓடினார்கள். கிளித்தட்டில் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாமா? ஓடினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஓடினேன். அந்தச் சுகத்தை என்னால் எழுத முடியாது. மூன்று பேரை அடித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளங்கை கடித்தது. காது சுட்டது. தொண்டைக்குள் யாரோ பஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தது. இருமத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டது.

நான் எப்படியோ படலையடிக்குத் திரும்பி வந்துவிட்டேன்; அம்மா ஓடி வந்தபோது அவர் கையில் சவர்க்கார நுரை இருந்தது. அவர் அழவில்லை. என்னைப் படலையடியில் படுக்க வைத்து, துணிப்பையைத் திறந்து, என் தொடையில் ஊசியை ஏற்றினார். தோடம்பழத்தில் குத்திக் குத்திப் பழகிய கை அது. ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரும்போது எனக்கு மூச்சு நேராகிவிட்டது. அடுத்த நாள் காலை இடியப்பமும் சொதியும் கேட்டேன். அப்போதுதான் அம்மா அழுதார்.

டொக்டர் வந்து என் கட்டிலில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா? வெறும் வயிற்றில் எடுத்ததா? ஓடினாளா?

"படலையடியிலைதான் நிண்டவள் டொக்டர், நான் கண்டனான்" என்றார் அம்மா.

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஓடினனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாப் பழியும் மருந்தின் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சரைகளை எல்லாம் ஒரு தகரப் பேணிக்குள் போட்டு மூடினார். "காணும். இனி இந்த விசர் விளையாட்டு வேண்டாம்."

"இவ்வளவு தூரம் வந்திட்டம். டொக்டரோடை ஒருக்காக் கதைச்சுப்போட்டு முடிவெடுப்பமே" என்றார் அப்பா.

"நீங்கள் பஸ்ஸோடை போயிடுவியள். நான் எல்லே பாக்கிறது."

"நீர் சொல்லுறதும் சரிதான்" என்று அப்பா அடங்கிப்போனார்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். சரை இல்லை, வாழைப்பழம் இல்லை. நாலு மணி திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நாலு மணிக்கு ஒழுங்கைக்குப் போனபோது, நான் வருவதைக் கண்டு எல்லோரும் விளையாட்டை நிறுத்திவிட்டீர்கள். "நீ இருந்து பார், அது நல்லம்" என்று ஒருவன் சொன்னான். பக்கத்து மேசைக்காரி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்த நாள் வகுப்பில் அவள் ரீச்சரிடம் கேட்டு வேறு மேசைக்கு மாறிவிட்டாள். மைதானத்து ஓரத்தில் இருந்த பச்சைக் கதிரை எங்கள் வகுப்பு விறாந்தைக்கு வந்துவிட்டது. அம்மா இடைவேளைக்கு மட்டுமல்ல, காலமை பிரார்த்தனையிலிருந்து கடைசி மணிவரைக்கும் அங்கே இருந்தார். நான் தும்மினாலும் யன்னலில் அவர் தலை தெரியும். உங்களுக்கு அது பகிடியாக இருந்தது. எனக்கு வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் போகப்போகிறது என்று தோன்றியது. பத்து வயதில் வாழ்க்கை முழுவதும் என்பது மிக நீளம்.

அவள் ஏன் மாறினாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னோடு கோபம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். மருந்தை விடுவதென்றாலும் வந்து சொல்லிவிட்டு விடுங்கள் என்றாராம். படிவம் நிரப்புகிற தவணையும் வந்திருந்தது. நான் வழமைபோல அம்மாவுக்குப் பக்கத்தில் வாங்கில் ஏறி இருந்தேன். அங்கே நேர்ஸாக இருந்த மிஸ்ஸி என் தோளைத் தொட்டார்.

"பிள்ளை, நீங்கள் இஞ்சாலை வாங்கோ. தனிய இருந்து எழுதுங்கோ."

"ஏன் மிஸ்ஸி?"

அவர் குனிந்து என் காதுக்குள் சொன்னார். "போனமுறை அம்மா பிழையாப் போட்டு வெட்டித் திருத்தின இடத்திலை நீங்களும் வெட்டித் திருத்தியிருக்கிறியள்."

அவருடைய மேசையில் தனியே இருத்தினார். இந்தமுறை பார்த்து எழுத ஒருவரும் இல்லை. விரும்பியதைச் சாப்பிட முடியாத கவலைக்குச் சிரிக்கிற முகத்தைப் போட்டேன். பிறந்தநாள் கேக்குக்கும் சிரிக்கிற முகம். மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவதற்கு அழுகிற முகம். கடைசியில் ஒரு பெட்டி இருந்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதவும் என்றிருந்தது. பேனையைக் கடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். பிறகு எழுதினேன்.

"நான் அண்டைக்கு ஓடினனான். நாலு மணிக்குத்தான் எல்லாரும் விளையாடுறவை. அம்மா பள்ளிக்கூடத்துக்கு வராட்டி நல்லம். இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்."

டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, தன் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மாவுக்குச் சொல்லாமல் இதை என்னெண்டு திருத்துறது? நான் சொன்னா, அது நான் சொன்னதாத்தான் இருக்கும். நீங்கள் சொல்லுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்."

அம்மா வந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டில் நின்றது, ஓடியது, மூன்று பேரை அடித்தது. மூன்று பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் நல்லம் என்பதைக் கடைசியாகச் சொன்னேன். அம்மா மடியிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வாறது உனக்கு வெக்கமோ?"

"வெக்கமில்லை அம்மா. நீங்கள் இருந்தா, எனக்கு இப்ப என்னவோ நடக்கப்போகுது எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

அம்மா என் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். டொக்டர் படிவத்தை மடித்து வைத்தார்.

"ஓடினதாலை வந்ததெண்டா மருந்திலை பிழையில்லை. கொஞ்சம் குறைச்சு, இஞ்சை வைச்சே திரும்பத் தொடங்கலாம். நேரத்தைத்தான் மாத்தவேணும். காலமை சாப்பாட்டோடை குடுப்பமோ? பள்ளிக்கூடத்துக்கு நடக்க விடாமல் சைக்கிளிலை கொண்டுபோய் விடுங்கோ. முதல் பாடங்கள் இருந்தபடிதானே."

அம்மா நிமிர்ந்தார். "இதை ஏன் டொக்டர் முதலே சொல்லேல்லை?"

"எத்தினை மணிக்கு விளையாடுறனீங்கள் எண்டு நான் பிள்ளையைக் கேக்கேல்லை" என்றார் டொக்டர். "நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

எழும்பும்போது மேசையில் அம்மாவின் படிவம் விரித்தபடி கிடந்தது. "பிள்ளை உங்கள் கண்ணுக்கு மறைவில் இருக்கும்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு அம்மா அழுகிற முகத்தில் வட்டம் போட்டிருந்தார். ஒரு வட்டம் அல்ல. திரும்பத் திரும்பச் சுற்றியதில் தாள் கிழிந்துபோகிற மாதிரி இருந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அந்தக் கதிரையில் அம்மா விருப்பத்தோடுதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் என்னைப் பிழையாகக் கணித்தார்கள் என்று இவ்வளவும் எழுதிவிட்டேன். நானும் அவரைப் பிழையாகத்தான் கணித்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே பக்கத்து மேசைக்காரியின் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் விளக்குமாறோடு நின்றாள்.

"நான் ஓடினதை டொக்டருக்குச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவள் முகம் வெளிறியது. "நான் கூப்பிட்டதையுமோ?"

"ஓடவேண்டாம் எண்டுதானே கூப்பிட்டனீ. நானல்லோ ஓடினது."

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அழுதாள். "நீ செத்துப்போனா நான்தான் கொலைகாரி எண்டு நினைச்சன். உன்னைப் பாக்கேக்கை எல்லாம் அதுதான் நினைவு வரும்."

"நான் சாகேல்லையே."

"இனியும் சாகமாட்டியோ?"

"காலமை மருந்து எடுத்தா, நாலு மணிக்கு விளையாடலாமாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப எங்கடை பக்கம்தான் நிக்கவேணும்" என்றாள். அடுத்த நாள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பழைய மேசைக்கு வந்துவிட்டாள்.

எங்கள் வகுப்பு ரீச்சர் ஊசி போடப் பழகியது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா ஒரு தோடம்பழத்தை மேசையில் வைத்து, மிஸ்ஸி தனக்குக் காட்டித் தந்த மாதிரியே காட்டிக் கொடுத்தார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். "ரீச்சர், கண்ணைத் திறவுங்கோ, அது என்ரை பிள்ளையின்ரை கால்" என்றார் அம்மா. வகுப்பே சிரித்தது. ஆறாவது தரம் ரீச்சருக்குக் கை வந்துவிட்டது. ஊசியால் தண்ணீர் ஏற்றிய அந்தத் தோடம்பழத்தை இடைவேளையில் உங்களில் ஒருவன் உரித்துத் தின்றான். இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான் என்பதால் யாரென்று எழுதவில்லை.

கதிரையும் ஒரே நாளில் போய்விடவில்லை. விறாந்தையிலிருந்து மைதானத்துக்குப் போனது, அங்கிருந்து கேற்றடிக்கு. ஒருநாள் இடைவேளைக்கு நான் கேற்றடியைப் பார்த்தபோது அங்கே ஒருவரும் இல்லை. திரும்பவும் பார்த்தேன். சந்தோசமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த தவணையில் அம்மா முன்பள்ளிக்குத் திரும்பப் படிப்பிக்கப் போனார்.

வருடக் கடைசியில் டொக்டர் தன் முன்னால் வைத்து எனக்கு எட்டுக் கச்சான் தந்தார். ஒன்று, ஒன்றாக, இடைவெளி விட்டு. எட்டாவதுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. அதற்கே அப்பா எழும்பிவிட்டார். இது முற்றாகப் போகிற வருத்தம் இல்லை, தினமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஊசி எப்போதும் பையில் இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இன்றும் காலையில் புட்டோடு நாலு கச்சானை மருந்து மாதிரி விழுங்குகிறேன். இன்றும் எனக்கு அது பிடிக்காது. கலியாண வீட்டில் கேட்டவளுக்கு இதுதான் பதில்.

அந்த வருடம் முடிய முன்னர் எங்களை மணற்காட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். தானே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்று அப்பா கேட்டார். "நீங்களும் வேண்டாம் அப்பா" என்றேன். ரீச்சரின் கையில் ஊசிப்பை போனது. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒரு தடிப்பும் இல்லை, ஒரு வீக்கமும் இல்லை. காதுக்குள்கூட மணல்தான் இருந்தது. தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் இருந்தார்.

"என்ன செய்தனீங்கள்?"

சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் புதன்கிழமை ஓட்டத்தைத் தவிர, அதுவரை என் நாளில் அம்மாவுக்குத் தெரியாதது என்று எதுவும் இருந்ததில்லை. என்ன சாப்பிட்டேன், யாரோடு நின்றேன், எங்கே விழுந்தேன் எல்லாம் அவர் கண்ணால் கண்டதோ ரீச்சரிடம் கேட்டறிந்ததோதான். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. இன்றைக்கு ஒரு முழு நாளே இருந்தது, அவர் காணாத நாள்.

"அங்கை மண்ணுக்கை பாதி புதைஞ்சுபோன ஒரு பழைய தேவாலயம் இருக்கம்மா. சுவர் மட்டும்தான் நிக்குது. நாங்கள் அந்தச் சுவரிலை ஏறினனாங்கள்."

அம்மாவின் கை ஒருகணம் மேசையை இறுக்கிப் பிடித்தது. பிறகு விட்டது. மேலே சொல்லு என்கிற மாதிரிக் கேட்டார். "பேந்து?"

"பேந்து மணல்மேட்டிலை இருந்து ஓடி இறங்கினனாங்கள். நான் உருண்டு போனன். ஒரு செருப்பு மண்ணுக்கை போட்டுது. வகுப்பே சேர்ந்து கிண்டியும் கிடைக்கேல்லை."

"பேந்து?"

"பேந்து என்ரை பக்கத்து மேசைக்காரி தன்ரை மீன் பணிஸிலை பாதி தந்தவள். என்ன போட்டுச் செய்தது எண்டு கேட்டு, ரீச்சரிட்டைக் காட்டிப்போட்டுத்தான் திண்டனான்."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, முன்பள்ளியில் கதை கேட்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேந்து?" என்றார்.